கழற்ற முடியாத பல்

கல்முனைக்குடியில் பெண்கள் யாராவது மௌத்தானால் ஸுல்பிகாவின் வீட்டுக்குத்தான் முதலில் ஆள் வரும். இருபது வருடமாக அவள் மையித்துக் குளிப்பாட்டுகிறாள். செத்த உடம்பைக் கண்டு அவள் பயந்ததே இல்லை. ஆனால் அன்று பல் கிளினிக்கின் சாய்கதிரையில் கிடந்தபோது அவளுக்கும் பயம் வந்தது.

மேலே முன்பல் இரண்டு இல்லை. போன மாரியில் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததில் போனவை. கழற்றி மாட்டுகிற செட் ஒன்று போட்டுப் பார்த்தாள். ஓதும்போது ஆடியது, சாப்பிடும்போது குமட்டியது. கடைசியில் மகள் ஆதிலா பிடிவாதமாக நின்று, தாடை எலும்பில் திருகாணி இறக்கிப் பல் பொருத்துவதற்கு நாள் எடுத்துவிட்டாள். துளைக்கிறதுக்குப் பயமா என்று அவள் கேட்டபோது ஸுல்பிகா ஓம் என்று தலையாட்டினாள். பயம் அதற்கில்லை.

மூன்று மாதத்துக்கு முன், கட்டாரிலிருந்து வந்திருந்த ஒரு பெண் திடீரென்று மௌத்தானாள். மையித்தின் வாயில் கழற்றும் பல் இருந்தால் எடுத்துவிட்டுத்தான் ஸுல்பிகா குளிப்பாட்டுவாள். அந்தப் பெண்ணின் கீழ்ப்பற்கள் நான்கு ஒரே வெள்ளையாக, புதிதாக இருந்தன. செட் என்று நினைத்து இழுத்தாள். வரவில்லை. இறுகிவிட்டது என்று இன்னும் பலமாக இழுத்தாள். ஈறு கிழிந்தபோதுதான் அது கழற்றும் பல் இல்லை என்று விளங்கியது.

மையித்துக்கும் வலிக்கும் என்று கேட்டு வளர்ந்தவள் அவள். குளிப்பாட்டிய இடத்தில் கண்டதை வெளியே கதைக்கவும் கூடாது. அதனால் மகளிடம்கூடச் சொல்லவில்லை. இப்போது அதே மாதிரிப் பல் தன் வாய்க்கும் வரப்போகிறது. தான் செய்ததைத் தனக்கும் யாரோ செய்வார்கள் என்பதுதான் அவளுடைய பயம்.

முகத்துக்கு நேரே விளக்கு. கையுறை போட்ட விரல்கள் அவளுடைய உதட்டைத் தூக்கிப் பிடித்திருந்தன. குளிப்பாட்டும் பலகையில் கிடந்தவர்களும் இப்படித்தானே கிடந்தார்கள் என்று நினைத்தாள். விறைக்கிற ஊசி ஏறி, மேலுதடு அவளுடையது இல்லை என்பதுபோல் ஆனது. டொக்டர் நிலாந்தினி, பக்கத்துத் தமிழ் ஊர் பாண்டிருப்புப் பிள்ளை, துளைக்கும் கருவியை எடுக்கத் திரும்பியபோது ஸுல்பிகா எழும்பி உட்கார்ந்துவிட்டாள்.

"டொக்டர், இதப் பொறகு கழட்டலாமா?"

"கழட்டேலாது அம்மா. எலும்போட ஒட்டிரும். அதுதானே நல்லம்."

"யாராச்சும் இழுத்தா?"

"ஆரம்மா உங்கட பல்லப் புடிச்சி இழுக்கப்போறா?"

நிலாந்தினி சிரித்தாள். ஸுல்பிகா சிரிக்கவில்லை. துணைக்கு வந்து வெளியே காத்திருந்த றிஸ்லாவைக் கூப்பிடச் சொன்னாள். ஐந்து வருடமாக அவளோடு சேர்ந்து குளிப்பாட்டுகிறவள் றிஸ்லா.

"றிஸ்லா, அந்தக் கட்டார்ப் புள்ளட பல்லு செட் இல்ல. திருகாணி போட்டது. நான் இழுத்துக் கிழிச்சிட்டன்." விறைத்த உதட்டால் சொற்கள் குழறின.

றிஸ்லா நிலத்தைப் பார்த்தாள். "தெரியும் ராத்தா. தலையப் புடிச்சிட்டு நின்டது நான்தானே. நீங்களாச் சொல்லட்டும்டு இருந்தன்."

"எனக்கும் அப்படித்தான் செய்வாங்க."

"ஒங்களக் குளிப்பாட்டப்போறது நான். ஒருத்தரையும் வாயில கை வைக்க உடமாட்டன்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "நான் ஒங்களுக்கு முந்தி மௌத்தாகிட்டா என்ன செய்யிற? ஆதிலாக்கும் சொல்லி வைங்க."

நிலாந்தினிக்கு விஷயம் மெல்லத்தான் விளங்கியது. செட் என்றால் இலேசாக அசைத்ததும் கழன்றுவிடும், அசையாவிட்டால் தொடாமல் விட்டுவிட வேண்டும் என்றாள். ஸுல்பிகா அதை இன்னொரு தரம் சொல்ல வைத்துக் கேட்டாள். இனி வரும் மையித்துகளுக்காவது அது உதவும்.

பிறகு சாய்ந்து படுத்தாள். பயம் போகவில்லை. ஆனால் இப்போது இருந்தது துளைப்பதற்கான பயம் மட்டும்தான். அது எல்லோருக்கும் வருவது. கருவி சுற்றத் தொடங்கியதும் கண்ணை இறுக மூடிக் கலிமாச் சொன்னாள். உதடு ஒத்துழைக்காததால் மனதுக்குள்தான் சொன்னாள்.