பழைய வங்கிக் கட்டடத்தில் இருவருக்கு மேசை

இங்கிலாந்தில், எங்கள் ஹாலிஃபாக்ஸில் சமதளத் தெரு என்று ஒன்றைக் காட்டுவது கஷ்டம். மேற்கே இருக்கும் மிகச் செங்குத்தான ஐந்து தெருக்களில் இருபத்திரண்டு வருடமாகத் தபால் கொடுப்பவன் ஹோவர்ட் ஆக்ராய்ட். காலையில் தபால் அலுவலகத்தில் அவனுக்குப் பக்கத்து மேசையில் நின்று கடிதங்களைத் தெருவாரியாகப் பிரிப்பவன் நான். அதனால் இந்தக் கதையில் கொஞ்சம் நான் பார்த்தது, மீதி அவன் சொன்னது.

இருபத்தாறு வயதில் அவனுக்குக் கல்யாணம் ஆனது. இரண்டே வருடத்தில் அந்தப் பெண் பெட்டியைக் கட்டிவிட்டாள். "உன்னோட இருக்கிறதும் காலி வீட்ல இருக்கிறதும் ஒண்ணுதான், ஹோவர்ட்" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். அதை அவன் முப்பது வருடம் நம்பினான். வேறு எந்தப் பெண்ணிடமும் வாய் திறக்கவில்லை.

அந்தத் தெருக்களில் ஒன்றில், நாற்பத்தொன்றாம் எண் வீட்டில் கெய்னர் சட்கிளிஃப் இருந்தாள். முன்னறையில் தையல் இயந்திரம் போட்டு, ஊராரின் கால்சட்டைகளுக்கு நீளம் குறைத்து, கோட்டுகளுக்கு ஜிப் மாற்றிக் கொடுப்பாள். பதினோரு வருடத்துக்கு முன்னால் அவள் கணவன் மாரடைப்பில் போனபோது, துக்கம் விசாரித்துக் கட்டுக்கட்டாகக் கடிதம் வந்தது. அவற்றைக் கதவிலிருந்த தபால் துளையில் தள்ள ஹோவர்டுக்கு மனம் வரவில்லை. தட்டி, கையிலேயே கொடுத்தான். அன்றிலிருந்து அவன் காலடி கேட்டதும் அவளே கதவைத் திறப்பாள். மழையைப் பற்றி இரண்டு வார்த்தை, முழங்கால் வலியைப் பற்றி ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

கடிதமே வராத நாட்களும் உண்டே! அதற்கும் அவன் வழி வைத்திருந்தான். ஒரே நாளில் மொத்தமாகக் கொடுக்க வேண்டிய விளம்பரத் தாள்களை அந்த வீட்டுக்கு மட்டும் நாளுக்கு ஒன்றாகக் கொண்டுபோவான். "ஏம்ப்பா, நாற்பத்தொண்ணுக்கு இன்னிக்கு என்ன, கம்பள விற்பனையா?" என்று நான் சீண்டினால் காது சிவந்துவிடும்.

போன ஜூன் மாதம் எங்கள் பகுதியில் மூடிக்கிடந்த வங்கிக் கட்டடத்தில் ஒரு ரெஸ்டாரன்ட் திறந்தார்கள். நாங்கள் பிறந்ததிலிருந்து தின்கிற சாப்பாட்டையே மேல்தட்டுக்காரர்களுக்குச் சமைக்கிற மாதிரி சமைத்துப் பரிமாறும் இடம். அதன் விளம்பரத் தாளைக் கெய்னர் வாசலிலேயே நின்று படித்தாள்.

"மாட்டுக் கன்னத்து இறைச்சி, பட்டாணி மசியல், ருபார்ப்... எங்கம்மா வாராவாரம் செஞ்சதுக்கெல்லாம் இப்ப வெள்ளை மேசை விரிப்பா?"

"அப்படித்தான் போலிருக்கு."

"இதைப் படிக்கக் குடுக்கிறீங்களா, இல்ல கூட்டிட்டுப் போறீங்களா?"

"ரெண்டாவதுதான்" என்றான் ஹோவர்ட்.

"வியாழக்கிழமைன்னா எனக்குச் சரி."

வியாழன் மாலை ஆறரைக்கு மேசை. அவன் புதுச் சட்டை வாங்கியிருந்தான். அவள் பச்சை நிற உடுப்பில் வந்தாள், தானே தைத்தது. பணம் கட்டும் ஜன்னல்கள் இருந்த இடத்தில் இப்போது மது பாட்டில்கள் அடுக்கியிருந்தன. முதலில் வந்தது ஒரு பெரிய தட்டு. அதன் நடுவில் ஒற்றை யார்க்‌ஷயர் புட்டிங், அடுப்பில் கிண்ணம் போல உப்பி வரும் மாவுப் பண்டம், அதன் மேல் அரைக் கரண்டி வெங்காயக் குழம்பு.

"இது வழி தவறி வந்துடுச்சா, இல்ல கூட வந்தவங்க பின்னாடி வர்றாங்களா?" என்று கெய்னர் பரிமாறியவனைக் கேட்டாள்.

"மாவை ஒரு நாள் முழுக்க ஊற வெச்சிருக்கோம், மேடம்."

"எங்க வீட்ல அஞ்சு நிமிஷம்தான் ஊறும், கண்ணு. அதுக்குள்ள எங்கப்பா கத்த ஆரம்பிச்சிடுவார்."

ஹோவர்ட் வாய்விட்டுச் சிரித்தானாம். அவன் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. ஆனால் சாப்பாடு நன்றாகவே இருந்தது. கன்னத்து இறைச்சி முள்கரண்டி பட்டதும் பிரிந்தது. கெய்னர் முதல் வாய் எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். எதிரே உட்கார்ந்திருந்த ஹோவர்டின் மனசு அடுத்த வியாழனுக்கும், குளிர்காலத்து வியாழன்களுக்கும் ஓடிவிட்டது. தன் வீட்டு அடுப்படியில் இன்னொரு நாற்காலி போடக்கூட இடம் பார்த்துவிட்டான்.

கடைசி இனிப்பாக ருபார்ப்புத் தண்டும் கஸ்டர்டும் வந்தபோது அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஹோவர்ட், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். வீட்டை வித்துட்டேன். ஜெம்மாகிட்டப் போறேன்."

அவள் மகள் ஜெம்மா இருப்பது கனடாவில். அந்த ஊருக்கும் ஹாலிஃபாக்ஸ் என்றே பெயர்.

"ரெட்டைப் பிள்ளைங்களை வெச்சுக்கிட்டுத் திண்டாடறா. ஆகஸ்ட்ல கிளம்பறேன். ஹாலிஃபாக்ஸ்ல இருந்து ஹாலிஃபாக்ஸுக்கு. சிரிங்களேன், எல்லாரும் சிரிச்சாங்க."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. வசந்தம் முழுக்க வக்கீலிடமிருந்து அவள் வீட்டுக்கு வந்த நீள உறைகள் ஞாபகம் வந்தன. எல்லாவற்றையும் ஏற்றத்தில் சுமந்துபோய் அவள் கையில் கொடுத்தவன் அவன்தான்.

"கஸ்டர்ட் எப்படி, சார்?" என்று கேட்டுக்கொண்டு பரிமாறுபவன் வந்தான்.

"பிரமாதம்" என்றான் ஹோவர்ட். அதை அவன் தொட்டிருக்கவே இல்லை.

ஜூன் மாதமாதலால், வெளியே வந்தபோது இன்னும் நல்ல வெளிச்சம். பேருந்து நிறுத்தம்வரை சேர்ந்து நடந்தார்கள். அங்கே நின்று அவன் தன் மனசிலிருந்ததைச் சொன்னான். என்ன வார்த்தையில் சொன்னான் என்பதை என்னிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நடந்த பேச்சை மட்டும் சொன்னான்.

"எப்போ இருந்து?"

"பதினோரு வருஷமா."

அவள் முகம் கோபத்தில் சிவந்தது. "பதினோரு வருஷம் தினமும் என் வாசல்ல வந்து நின்ன. ஒரு நாள் சொல்லியிருக்கக் கூடாதா? கம்பள விளம்பரம் வாங்கவா நான் கதவைத் திறந்துட்டு நின்னேன்?"

"கெய்னர்..."

"இருக்கச் சொல்லாத. சொன்னா இருந்துடுவேன். அங்க என் பொண்ணு நிம்மதியாத் தூங்கி நாலு மாசம் ஆச்சு."

பேருந்து வந்தது. அவன் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகு இருந்த ஏழு வாரத்திலும் சொல்லவில்லை. தினமும் பார்த்தார்கள். அவள் துணிகளை மடித்துக் கட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உதவினான். கிளம்பிய அன்று பெட்டிகளைக் காரில் ஏற்றியதும் அவன்தான். கார் திருப்பத்தில் மறைந்த பிறகு, அந்தத் தெருவில் மீதி இருந்த வீடுகளுக்குத் தபால் கொடுத்து முடித்துவிட்டுத்தான் அலுவலகத்துக்கு வந்தான். "முடிச்சிட்டேன்" என்று மட்டும் சொன்னான்.

இலையுதிர்காலத்தில் ஒருமுறை அந்த ரெஸ்டாரன்டுக்குத் தனியாகப் போனான். உட்கார்ந்ததும் எதிர்ப்பக்கத்துத் தட்டை எடுத்துவிட்டார்களாம். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டான்.

ஞாயிறுதோறும் மாலை நாலு மணிக்குக் கெய்னரோடு தொலைபேசி. அங்கே அப்போது நண்பகல். அந்த நேரத்தில் நாங்கள் யாரும் அவனைக் கூப்பிடுவதில்லை. டிசம்பரில் ஒருநாள் கடிதம் பிரித்துக்கொண்டிருக்கும்போது, பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்ததாகச் சொன்னான். ஐம்பத்தெட்டு வயதில் அதுதான் அவனுடைய முதல் பாஸ்போர்ட்.

"டிக்கெட் போட்டாச்சா?" என்றேன்.

"இல்ல. அவ இன்னும் வரச் சொல்லலியே."

"நீ கேட்டியா?"

"பிப்ரவரில லீவு கேட்டிருக்கேன்னு சொன்னேன். அந்த மாசம் அங்க இடுப்பளவு பனி கிடக்குமாம்."

"அப்புறம்?"

"நல்ல பூட்ஸா வாங்கிக்கோ, உன்னோட வேலை பூட்ஸ் தாங்காதுன்னு சொன்னா."

நான் கையிலிருந்த கடிதக் கட்டைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தேன். அப்போதுதான் அவனுக்கு அது உறைத்தது. பிறகு காதுவரை சிவந்துபோய், ஊரில் பனி பூட்ஸ் எங்கே நன்றாகக் கிடைக்கும் என்று கேட்டான்.