டிரம்ஸ் மைக்கை மூடாத மாலை

மாலை நான்கு பத்துக்கு என் மகள் வெண்பாவின் பேச்சு பாதியில் நின்றது.

"அப்பா, சமயபுரத்துல செம கூட்டம். ஓரமா நிறுத்திட்டுத்தான் பேசுறேன், திட்டாதீங்க. சேவியரைப் பாத்துட்டேன், இதோ ஏத்திக்கிட்டு..."

அதன்பின் ஒரு பஸ் ஹாரன் மிக அருகில் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. திரும்ப அழைத்தேன், ஸ்விட்ச் ஆஃப். சேவியரின் எண்ணும் ஸ்விட்ச் ஆஃப். அப்போது நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு சிறிய ஹாலின் மேடையில் குனிந்து அவளுடைய டிரம்ஸுக்கு மைக் மாட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்கு சவுண்ட் தொழில். அரியமங்கலத்தில் ஷெட். கல்யாண ஆர்கெஸ்ட்ரா, கோயில் கச்சேரி, கட்சி மேடை எல்லாம் பார்த்தாயிற்று. புதிதாக வருபவர்கள் கேட்டால் ஷார்ட் சர்க்யூட் ஆன கதை, மழையில் ஸ்பீக்கர் நனைந்த கதை என்று சொல்வேன். இந்த மாலையைப் பற்றி இதுவரை யாரிடமும் ஒழுங்காகச் சொன்னதில்லை. இப்போதும் எந்த பஸ் ஹாரன் அடித்தாலும் கை போனுக்குப் போகிறது.

ஷெட்டுக்கு வந்த கூட்டம்

ஆஃப்ரோபீட் என்ற சொல்லை வெண்பா சொல்லித்தான் முதலில் கேட்டேன். நைஜீரியாவில் பிறந்த இசை. ஞாயிறுதோறும் ஏழெட்டுப் பேர் என் ஷெட்டுக்கு வந்து, பெரிய ஸ்பீக்கர் இரண்டை எதிரெதிரே வைத்துக்கொண்டு கேட்பார்கள். பௌசியா என்ற இயற்பியல் டீச்சர்தான் தலைவி மாதிரி. பேஸ் கிடார் வாசிப்பார். ஒரு வங்கி அதிகாரி, ஒரு பல் மருத்துவ மாணவன், இப்படி ஆளுக்கொரு வேலை. ஒரு பாட்டு இருபது நிமிடம், அரை மணி ஓடும். முடியும்வரை யாரும் பேசக்கூடாது. முடிந்ததும் சண்டை தொடங்கும்.

"அந்த டிரம்மர் கையைக் கவனிச்சீங்களா? எங்கயும் காட்டிக்கவே இல்ல. ஆனா அவரை எடுத்துட்டா மொத்தமும் விழுந்துடும்," என்பாள் வெண்பா.

"கிடார்காரரைச் சொல்லு. ஒரே துண்டை அரை மணி நேரம் மாத்தாம வாசிக்கிறதுக்கு எவ்வளவு பொறுமை வேணும்," என்பார் பௌசியா.

கல்யாண மேடையில் ஐந்தாவது நிமிடம் மாப்பிள்ளையின் சித்தப்பா வந்து அடுத்த பாட்டு கேட்பார். அப்படிப் பழகிய எனக்கு ஆரம்பத்தில் இது பிடிபடவில்லை. பாடகர் வாயைத் திறக்கவே பத்து நிமிடம் ஆகிறது. அதுவரை ஒவ்வொரு கருவியாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. எட்டு மாதம் கேட்ட பிறகு, எடுத்துவிட்டால் எது விழும் என்று எனக்கும் காது கொஞ்சம் சொல்லத் தொடங்கியது. அந்த ஆட்கள் கேட்டதோடு நிற்கவில்லை. அந்த இசையின் மாஸ்டர்களுக்கு நன்றி சொல்வது போல ஒரு மாலை தாங்களே வாசிப்பது என்று முடிவுசெய்தார்கள். சாக்ஸபோனுக்குச் சென்னையிலிருந்து வெண்பாவின் நண்பன் சேவியர். அவன் வந்த பஸ் சமயபுரம் பக்தர் கூட்டத்தில் மாட்டி நின்றுவிட, அவனை அழைத்துவரத்தான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

பாட்டு எப்போது

ஐந்தரைக்கு என் மச்சான் குமாரை பைக்கில் அனுப்பினேன். ஆறேகால் வரை தகவல் இல்லை. ஹாலில் எண்பது பேர் உட்கார்ந்துவிட்டார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் இந்த இசையைக் கேட்டே இராதவர்கள்.

பௌசியா என்னிடம் வந்தார். "அங்கிள், நாங்க ஆரம்பிச்சிடுறோம்."

"டிரம்ஸ் இல்லாம எப்படிம்மா?"

"முதல் பாட்டை அவ வர்ற வரைக்கும் சுத்திக்கிட்டே இருப்போம். இந்த மியூசிக்ல அது நடக்கும். அவ இடத்தை மட்டும் காலியா விட்டுடுவோம்."

ஆறரைக்கு ஆரம்பித்தார்கள். இரண்டு கிடார், பேஸ், கீபோர்டு, குலுக்கினால் சலசலக்கும் ஒரு சுரைக்காய்க் கருவி. நடுவில் ஆளில்லாத டிரம்ஸ்.

இங்கே தொழில் பாடம் ஒன்று. ஆள் இல்லாத மைக்கைத் திறந்து வைக்கக்கூடாது. மேடையில் உள்ள எல்லாச் சத்தமும் அதில் நுழைந்து கலங்கலாகும், கீச்சென்று ஃபீட்பேக் வரும். வேலைக்குச் சேர்பவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன். அன்றைக்கு மிக்ஸரில் டிரம்ஸ் சேனல்களின் மேல் விரலை வைத்தேன். மியூட் பட்டனை அழுத்த முடியவில்லை. அழுத்தினால் அவள் வரமாட்டாள் என்று தோன்றியது. ஆறு சேனலையும் திறந்தே விட்டு, மற்றவற்றை அதற்கேற்ப இறக்கிச் சமாளித்தேன்.

பதினைந்து நிமிடம் கழித்து ஹால் மேனேஜர் ரங்கராஜன் மிக்ஸர் பக்கம் வந்தார். "எப்போ சார் ஆரம்பிக்கப் போறா?"

"ஆரம்பிச்சாச்சு சார்."

"அப்படியா? நான் இன்னும் மைக் டெஸ்ட்னு நெனச்சுண்டிருந்தேன். பாடறவா வரலையோ?"

"டிரம்ஸ் வாசிக்கிறவ வரல. என் பொண்ணு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

ஏழுக்குச் சற்று முன்னால் குமார் பேசினான்.

"மாமா, நம்ம வெண்பா வண்டி இங்க ஒரு ஜூஸ் கடை ஓரமா நிக்குது. ஹெட்லைட் உடைஞ்சு, முன் சக்கரம் வளைஞ்சிருக்கு. பஸ் உரசிடுச்சாம்."

"அவ எங்கடா?"

"தெரியல மாமா. ஒருத்தர் நடந்து போனாங்கங்கிறாரு. இன்னொருத்தர் ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போனாங்கங்கிறாரு. எந்த ஆஸ்பத்திரின்னு யாருக்கும் தெரியல. நான் ஒவ்வொண்ணா பாக்குறேன்."

எழுந்துவிட்டேன். மொத்தச் சத்தத்தையும் அடக்கும் மாஸ்டர் ஃபேடரைக் கீழே இழுத்துவிட்டு ஓடலாம் என்று கையை வைத்தேன். மேடையிலிருந்து பௌசியா அதைப் பார்த்துவிட்டார். அவருடைய பேஸ் கிடார் வயர்லெஸ். வாசித்துக்கொண்டே படி இறங்கி, ஜனங்களுக்கு நடுவே நடந்து என்னிடம் வந்தார். விரல் ஒரு முறைகூடத் தப்பவில்லை.

"என்னாச்சு அங்கிள்?"

சொன்னேன்.

"நீங்க இப்ப கிளம்பினா ஆத்துப் பாலத்து டிராஃபிக்லயே மாட்டிக்குவீங்க. குமார் அண்ணன் அங்கதான் இருக்காரு. பத்து நிமிஷம் பாருங்க."

"என்னால உக்கார முடியலம்மா."

"நில்லுங்க. ஆனா நிறுத்தாதீங்க. நிறுத்தினா அவ இல்லாம முடிச்ச மாதிரி ஆயிடும்."

அவர் கண் கலங்கியிருந்தது. விரல் மட்டும் அதே துண்டைச் சுற்றிச் சுற்றி வாசித்தபடி இருக்க, மேடைக்குத் திரும்பினார். அப்போதுதான் கவனித்தேன். முன்வரிசையில் இருந்தவர்கள் தொடையில் தட்டத் தொடங்கியிருந்தார்கள். ரங்கராஜனும்தான். இரண்டு கிடாரும் அரை மணி நேரமாக ஒரு மயிரிழை நகரவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் டிரம்ஸ் விழ வேண்டிய இடத்தை அப்படியே விட்டுக் கடந்தார்கள். நான் நின்றபடி கிடாரைக் கொஞ்சம் ஏற்றினேன். கைக்கு வேலை வேண்டியிருந்தது.

ஏழேகாலுக்குப் பக்கவாட்டு வாசலில் சேவியர் வந்தான். சட்டையெல்லாம் புழுதி. சாக்ஸபோன் பெட்டியை நெஞ்சோடு பிடித்திருந்தான். நேராக என்னிடம் ஓடிவந்தான்.

"அங்கிள், அவளுக்கு ஒண்ணும் இல்ல. முட்டியில சிராய்ப்பு, அவ்வளவுதான். போன்தான் பஸ் டயருக்கு அடியில போயிடுச்சு."

"உன் போன் எங்கடா?"

"சார்ஜ் இல்ல அங்கிள். சென்னையிலேருந்து பாட்டு கேட்டுட்டே வந்தேன். ஒவ்வொண்ணும் அரை மணி நேரமா..."

"வேற யாருகிட்டயாவது வாங்கிப் பேச வேண்டியதுதானே?"

"வாங்கினோம். அவளுக்கு உங்க நம்பர் மனப்பாடம் இல்ல. ரெண்டு தடவை யாரோ எடுத்துத் திட்டினாங்க. அப்புறம் பாதி தூரம் நடந்து, ஒரு லோடு ஆட்டோவுல ஏறி வந்தோம்."

ஓங்கி அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. "அவ எங்க?" என்று கேட்டேன். அவன் மேடையைக் கை காட்டினான்.

பின்பக்கத் திரையை விலக்கிக்கொண்டு அவள் வந்தாள். ஜீன்ஸின் முட்டி கிழிந்திருந்தது. அதைச் சுற்றி யாருடைய துண்டோ. பௌசியா திரும்பிப் பார்த்து, வாசிப்பதை விடாமல் தலையை மட்டும் ஆட்டினார். டிரம்ஸ் ஸ்டூல் கிறீச்சிட்டதுகூட ஸ்பீக்கரில் கேட்டது. அவள் குச்சிகளை எடுத்தாள். உடனே அடிக்கவில்லை. ஒரு சுற்று முழுக்கக் காதைக் கொடுத்துக் கேட்டாள். பிறகு குனிந்து, மைக் மூடியிருக்கும் என்ற நம்பிக்கையில், என்னைப் பார்த்துத் தனக்குள் சொல்வதுபோலச் சொன்னாள். அது ஹால் முழுக்கக் கேட்டது.

"அப்பா, முகத்தைத் துடைங்க. என் மானிட்டர் ஸ்பீக்கர்ல பேஸ் பத்தல, கொஞ்சம் ஏத்துங்க."