வில்லில் காய்ந்த துணிகள்

ஒஃபிஸால் வந்து உடுப்பும் மாற்றாமல், மகள் பள்ளிக்கூடத்தில் அம்பு விடப் பழகும் மரவில்லில் விழுந்த வெடிப்புக்குள் பசையை விட்டு, சைக்கிள் டியூப் கீலத்தால் இறுக்கிச் சுற்றினேன். காயட்டும் என்று இரண்டு கதிரைகளுக்குக் குறுக்கே வைத்தேன். பசையின் புளித்த வாசம், கொழும்பில் இதே வெள்ளவத்தையில் சின்ன வயதில் நாங்கள் இருந்த வாடகை அறைக்கு என்னைக் கொண்டுபோனது.

அண்ணாவின் பள்ளிக்கூட வில்லை அப்பாவும் இப்படித்தான் வேலையால் வந்த களைப்போடு ஒட்டினார். மறுநாள் விடிய, கீழ்வீட்டில் பொலிஸ் சோதனை நடக்கும் சத்தம் கேட்டது. தமிழ் ஆட்களின் அறையில் வில் எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது?

"அதை ஜன்னல்ல குறுக்கால கட்டுங்கோ," என்றார் அம்மா. அப்பா கட்டியதும், அம்மா வாளியில் பிழிந்து வைத்திருந்த துணிகளை அதன்மேல் போட்டார். வந்தவர்கள் அலுமாரியைக் கிளறினார்கள். துணிகளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனால் ஈரத்தில் பசை விட்டுவிட்டது. "திரும்ப ஒட்டுவமே அப்பா?" என்று அண்ணா கேட்டார்.

"ஏலாதடா. களைச்சுப் போனன்."

அந்த அறையை விட்டுப் போகும்வரை அந்த வில்லில்தான் எங்கள் துணிகள் காய்ந்தன.

நினைவைக் கலைத்து வாசல் மணி அடித்தது. தண்ணீர் பில்லோடு வந்த எங்கள் தொடர்மாடிக் காவலாளிதான். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

"அம்மா," என்று மகள் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "ஏன் வில்லுக்கு மேல ஈரத் துவாயைப் போட்டிருக்கிறீங்கள்?"

எப்போது போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.