சித்தப்பா ஏறக் கூடாத மலை

புரட்டாசி சனிக்கிழமை தலைமலைக்கு வேன் வைத்துக்கொண்டுதான் போவோம். ஸ்ரீரங்கத்தில் ரங்கநாதரை வாசலிலேயே வைத்துக்கொண்டு இன்னொரு பெருமாளைத் தேடி மலை ஏறுவானேன் என்று கேட்க ஆசை. கேட்டால் அடிதான் விழும்.

அந்த வருஷம் சித்தி மாசமாக இருந்தாள். அதற்கு முன் இரண்டு தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவள், பாவம். மனைவி பிள்ளை உண்டாகியிருக்கும்போது கணவன் மலை ஏறக் கூடாது என்பது எங்கள் பக்கத்துச் சாஸ்திரம். வீட்டில் அதைக் கறாராகப் பிடித்துக்கொண்டவள் என் அம்மாதான்.

"நீங்க அடிவாரத்துலயே இருங்க. உங்களுக்கும் சேர்த்து நாங்க வேண்டிக்கிறோம்" என்று சித்தப்பாவைப் புளியமரத்தடியில் உட்கார வைத்தாள். கூட்டத்தில் வர மாட்டேன் என்று அழுத என்னை அவருக்குத் துணையாக விட்டாள்.

கோவிந்தா சத்தம் மேலே போனதும் சித்தப்பா எழுந்துவிட்டார். "வா, யாருக்கும் தெரியாம போயிட்டு வந்துடலாம். நேந்துக்கிட்டவன் நானு, நான்தானே போகணும்?"

ஊரே ஏறும் பக்கத்தை விட்டு, மலையின் முதுகோடு போகும் ஒற்றையடிப் பாதையில் ஏறினோம். ஆடு மேய்ப்பவர்கள் போகிற வழி, ஆள் அரவமே இல்லை. வாய் ஓயாத சித்தப்பா அன்று பேசவே இல்லை, காலில் முள் குத்தியபோதுகூட. திருட்டு மாங்காய்க்கு ருசி அதிகம் என்பார்கள்; எனக்கு ஒரே குஷி.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, ஒரு பாறைக்குப் பின்னால் அவர் நின்றுவிட்டார். அதற்கு மேல் கால் வரவில்லை. மஞ்சள் துணி முடிச்சை என் கையில் கொடுத்து, "உண்டியல்ல போட்டுடு. நான் இங்கேருந்தே கும்பிட்டுக்கிறேன்" என்றார். இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பயந்துவிட்டாரே என்று எனக்கு இளக்காரமாக இருந்தது.

முடிச்சைப் போட்டுவிட்டுத் திரும்பினால் எதிரே அம்மா. தொலைந்தேன் என்று நினைத்தேன். அம்மா என் பாவாடை முழுக்க ஒட்டியிருந்த ஒட்டுப்புல்லைப் பார்த்தாள். பிறகு நாங்கள் வந்த பாதையின் பக்கம் பார்த்தாள். பிரசாதத் துளசியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"சித்தப்பாகிட்ட குடு. பாறை சுடும், நிழலாப் பார்த்து உட்காரச் சொல்லு."

ஓடிப்போய்ச் சொன்னதை அப்படியே சொன்னேன். சித்தப்பா துளசியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டார். "அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியலை சித்தப்பா, நல்லா ஏமாத்திட்டோம்" என்று நான்தான் அவரைத் தேற்றினேன்.