எங்கள் கொல்லையில் விளைந்த கல்

திண்டிவனத்துக்கு மேற்கே எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு மேட்டுக்கொல்லை. சரிவான நிலம். குறுக்கே முன்பு இரண்டு வரப்புகள் இருந்தனவாம். டிராக்டர் திரும்ப இடைஞ்சல், எடுத்துவிட்டால் கூட நாலு சால் வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, போடலாம் என்று அப்பா அவற்றை வெட்டிச் சமன் செய்துவிட்டார். மிஞ்சியது கீழ்வரப்பு மட்டும். அதற்கும் கீழே பெரியப்பாவின் நிலம்.

நான் மூன்றாவது படித்தபோது, தொடர்ந்து இரண்டாவது வருஷமாக மழை இல்லை. மல்லாட்டை முளைத்த கையோடு கருகியது. உழுத மண் மாவு போலக் கிடந்தது. கீழ்வரப்பில்தான் கொஞ்சம் அருகம்புல் பிடிவாதமாக இருந்தது.

"மேலாக அறுக்காதடா, வேரோட பேத்துக்கினு வா. மாட்டுக்கு வயிறாவது ரொம்பட்டும்" என்றாள் அம்மா.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் களைக்கொட்டோடு போய்விடுவேன். ஒரே வாரத்தில் வரப்பு மொட்டையடித்த தலை போல ஆகிவிட்டது.

"படிக்கிற புள்ள, வேலைய பாரு, எவ்ளோ சுத்தம்!" என்று அப்பா சொன்னதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மழை ஒரு மத்தியானம் வந்தது, இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து. தெருவில் ஓடிய செந்தண்ணீரில் நானும் புரண்டேன். அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

காலையில் போய்ப் பார்த்தால், கீழ்வரப்பு நடுவில் உடைந்து வாய் பிளந்திருந்தது. கொல்லை முழுக்க விலா எலும்பு போல ஓடைக் கோடுகள். எங்கள் மேல்மண், கணுக்கால் ஆழத்துக்கு, பெரியப்பா நிலத்தில் வழவழவென்று படிந்திருந்தது. அப்பா கூடையும் மண்வெட்டியுமாக அதில் இறங்கினார். பெரியப்பா வந்துவிட்டார்.

"இன்னாடா பண்ணிக்கினு இருக்க?"

"எம் மண்ணுண்ணே. கொஞ்சம் அள்ளிக்கினு போறேன்."

"தாராளமா அள்ளிக்கினு போ. அடுத்த மழைக்கு எங்கிட்டதான் திரும்பி வரப்போவுது. நாலு சாலுக்கு ஆசப்பட்டு வரப்ப வெட்னியே, இன்னும் எத்த வச்சித் தடுப்ப?"

அப்பா நிறைத்த கூடையை அங்கேயே கவிழ்த்தார். மேலே ஏறி வந்து, உடைந்த வரப்பின் ஓரத்தில் என் களைக்கொட்டு பதிந்த இடங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

நான் அதற்குள் டவுசர் பை நிறையக் கல் பொறுக்கியிருந்தேன். நேற்றுவரை ஒன்றுகூடக் கண்ணில் படாத வெள்ளைக் கற்கள், இன்று கொல்லையெங்கும் பளபளத்தன. பெரிதாக ஒன்றை எடுத்து அப்பாவிடம் நீட்டினேன். வாங்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"நல்லா இருக்குடா" என்றார்.

இன்னொரு மழை பெய்தால் இதைவிடப் பெரிய கல்லெல்லாம் வெளியே வரும் என்று நான் அவரிடம் சொன்னேன்.