பதினோராவது வளைவில் பாயின் இடது கால்

"மூன்றாம் நாள், வெள்ளி, காலை 6.12. ஏலகிரி மலையடி. ஏழு சைக்கிள். பஞ்சர் இல்லை. அனைவரும் உற்சாகம்."

என் பயணக் குறிப்பேட்டில் இப்படித்தான் இருக்கிறது. கடைசிச் சொல் ஏறுவதற்கு முன்பு எழுதியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆவடியிலிருந்து புறப்பட்ட எங்கள் குழுவுக்கு மலை என்றால் ரயில்வே மேம்பாலம். செம்பரம்பாக்கம் ஏரிக்கரைதான் அதுவரை நாங்கள் தொட்ட சிகரம். ஆறு மாதம், ஞாயிறுதோறும், பாலத்தில் ஏறி இறங்கிப் பழகினோம்.

"பதினாலு வளைவுதான சார்? பதினாலு பாலம்னு வச்சிக்கோ" என்றார் பாய். பூந்தமல்லியில் மெத்தைக் கடை வைத்திருப்பவர். யாரும் மறுக்கவில்லை.

குழுவில் ஒரு சட்டம் உண்டு. கால் ஊன்றாமல் உச்சி சேருபவர் அடுத்த ஆண்டின் பாதையைச் சொல்லலாம். இருவர் சேர்ந்தால் சீட்டுக் குலுக்கல். அம்பத்தூரில் கணக்குப் பாடம் எடுக்கும் டீச்சர் முன்கூட்டியே அறிவித்துவிட்டார்: கொல்லிமலை, எழுபது வளைவு. மற்ற ஆறு பேருக்கும் கடற்கரைச் சாலையே போதும். ஆகவே எங்களில் ஒருவராவது ஊன்றாமல் ஏறியாக வேண்டும்.

பாலத்தில் மூச்சைப் பிடித்து மிதித்தால் போதும். மறுபக்கத்து இறக்கத்தில் மூச்சு திரும்பிவிடும். ஏலகிரியிலும் ஆறு பேரும் அப்படியே எழுந்து நின்று மிதித்து டீச்சரை முந்தினோம். ஒருவர் திரும்பிக் கையும் ஆட்டினார். இறக்கம் வரவில்லை. இரண்டாவது வளைவுக்கு அப்பாலும் வரவில்லை. மூன்றாவதில், குழுவில் ஆவடியிலேயே குடியிருக்கும் நால்வரும் வரிசையாகக் கால் ஊன்றினார்கள். டீச்சர் சீட்டை விட்டு எழாமல், "குட் மார்னிங்" சொல்லிக்கொண்டே கடந்துபோனார். ஐந்தாவதில் நான், 7.05. என்னையும் நானே பதிவு செய்துகொண்டேன். பிறகு சாட்சியாகப் பாயின் பின்னால் போனேன்.

"சார், எறக்கம் எங்க கீது?"

"இல்ல பாய்."

"இன்னா பாலம் சார் இது, ஒரு பக்கம்தான் கட்டிகீறான்!"

பதினோராவது வளைவில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கியது. பாய் ஓரம் ஒதுங்கினார். அந்த நேரம் பார்த்து நான் நின்று, குனிந்து மணி குறித்தேன்: 8.03. மூன்று எண்களை அவ்வளவு நிதானமாக நான் எழுதியதே இல்லை. நிமிர்ந்தபோது பாய் சீட்டில் உட்கார்ந்தபடி, தடுப்புச் சுவரில் முழங்கையைச் சாய்த்திருந்தார். இரண்டு காலும் பெடலில்.

"கைதான் சார். கால் ஊனல."

உச்சியில் டீச்சர் டீயோடு காத்திருந்தார். ஆவடிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். டீச்சரின் பார்வை நேராகப் பாயின் இடது ஷூவுக்குப் போனது.

"பாய், செம்மண்ணு?"

"அது கீழ, டீக்கடையாண்ட ஒட்னது டீச்சர்."

"இன்னும் ஈரமா இருக்கே."

"மலை இல்ல? பனி."

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "நீங்க பாத்தீங்களா சார்?"

கடற்கரைச் சாலை முழுவதும் என் ஒரு சொல்லில் இருந்தது.

"நான் எழுதிட்டிருந்தேன்" என்றேன். அது உண்மை.

"சரி. சந்தேகம்னா மறுதேர்வு. கீழ போய் இன்னொரு வாட்டி ஏறட்டும். நானும் துணைக்கு வரேன்."

பாய் கீழே வளைந்து வளைந்து போகும் சாலையைப் பார்த்தார். டீயை மிச்சமில்லாமல் குடித்தார்.

"கொல்லிமலையும் நல்ல எடம்தான் டீச்சர். காத்து சூப்பரா இருக்குமாம்."

"இன்னா பாய், ஒரு டீக்கே கட்சி மாறிட்ட!" என்று கத்தினார் ஆவடிக்காரர் ஒருவர்.

முடிவைக் குறிப்பேட்டில் எழுதினேன்: அடுத்த ஆண்டு கொல்லிமலை. செம்மண் டீக்கடையில்தான் ஒட்டியது என்று பாய் இன்றுவரை சாதிக்கிறார். அந்தக் கடை வாசல் சிமெண்ட் தரை என்கிறார் ஆவடிக்காரர் ஒருவர். நான் போய்ப் பார்க்கவில்லை. 8.03க்கு அந்தக் கால் தரையைத் தொட்டதா என்பது சரிபார்க்கப்படவில்லை.