கேத்தல் ஆவியில் படித்த கடிதங்கள்

கண்டி நகரத்தில் வீச்சு ரொட்டி என்றால் என் கடை ரொட்டிதான். இதை நானே சொல்வது அழகில்லை என்பார்கள். வேறு யாராவது சொல்லும்வரை காத்திருக்க எனக்கு நேரமில்லை. நாலாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்டு, ஒற்றைச் சட்டையோடு பஸ் ஏறி வந்தவன் நான். ஒரு சாப்பாட்டுக் கடையில் பீங்கான் கழுவினேன், மா பிசைந்தேன், கடைசியில் அதே தெருவில் சொந்தக் கடை போட்டேன். இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் ஒட்டிய கடிதத்தைக் கிழியாமல் திறப்பதில் என்னை வெல்ல ஆள் கிடையாது. அந்த வித்தையை அறுபத்தெட்டு வயதில் பழகினேன். காரணம் என் மகள்.

தாயில்லாப் பிள்ளை. படித்து, கந்தோரில் கிளார்க் வேலை பார்க்கிறாள். ஒரு நாள் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ப்பா, நான் ஒருத்தர விரும்புறேன். ஊரு ஹேவாஹெட்ட பக்கம். ஆமியில இருக்காரு."

"கண்டியில இத்தன பேரு கடை வச்சிருக்கான், ஒனக்கு ஆமிக்காரன்தான் கெடச்சானா?"

"கடை வச்சிருக்கவங்க எல்லாம் ஒங்கள மாதிரியே பேசுறாங்கப்பா."

பையனை ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு பாலைவனத்துக்குச் சமாதானப் படையில் அனுப்பியிருந்தார்கள். படையின் பெயரில் இருந்த சமாதானம் அந்த ஊரில் இல்லை. முடியாது என்று சொல்லிவிட்டேன். கட்டிக்கொடுத்த மறுவருஷம் அவன் பெட்டிக்குள் வந்தால் என் பிள்ளை என்ன செய்வாள்? என் பயம் அது ஒன்றுதான். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. கடிதம் எழுத ஆரம்பித்தாள்.

முகாம் இருக்கும் இடம் எதிரிக்குத் தெரிந்துவிடும் என்று அங்கே போனை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார்களாம். அதனால் அவனும் கடிதம்தான் எழுதினான். எங்கள் வீடு மேட்டில், எண்பது படி ஏற வேண்டும். தபால்காரர் ஏறமாட்டார், கடையிலேயே தந்துவிட்டுப் போவார். கடையில் கேத்தல் எந்நேரமும் கொதிக்கும். இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை. ஆவியில் காட்டினால் பசை இளகிவிடும். படித்துவிட்டு, கோதுமை மாவில் பசை காய்ச்சி ஒட்டி, மாலையில் மகளிடம் கொடுப்பேன். அவள் எழுதித் தரும் கடிதத்தை மட்டும் திறக்காமல் தபாலில் சேர்த்தேன். திருட்டுக்கும் ஒரு நேர்மை வேண்டுமல்லவா.

தேத்தண்ணி போடுகிறவர் அலவத்துகொட ஊர்க்காரர், இருபது வருஷமாக என்னோடு இருப்பவர். தபால்காரரின் தலை தெரிந்தால் போதும்.

"முதலாளி, கடிதத்துக்கும் சேத்துத் தண்ணி கொதிக்க வெக்கவா?"

காதல் வசனம் இருக்கும் என்று நினைத்தேன். இருந்ததெல்லாம் மணல். சோற்றில் மணல், காலில் போடும் சப்பாத்தில் மணல். முகம் கழுவிய தண்ணீரைப் பிடித்துவைத்துக் காலுறை துவைப்பானாம். ஊருக்கு வந்ததும் கண்டி மழையில் நனைவதற்கென்றே இரண்டு நாள் லீவு போடுவானாம். சிரித்துவிட்டேன். சிரித்ததற்காக என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

பிறகு அந்தக் கடிதம் வந்தது. "பேக்கரிப் பாண் கொண்டுவரும் லொறியை வழியில் எரித்துவிட்டார்கள். இனி மா மூட்டை மட்டும்தான். நேற்று நான் ரொட்டி போட்டேன். கொதிக்கிற தண்ணீர் ஊற்றிப் பிசைந்தேன், உப்புப் போடவில்லை. உடனே வீசினேன், துண்டு துண்டாகப் போய்விட்டது. ரொட்டி என்றால் இவ்வளவுதான் போலிருக்கிறது."

இவ்வளவுதானா? அன்று முழுக்க எனக்குக் கை ஓடவில்லை.

"ஏன் முதலாளி, அந்தத் தம்பி உப்பே போடல்லயாம்?" நான் சத்தமாக எழுத்துக் கூட்டியதைக் கேட்டிருந்த தேத்தண்ணிக்காரர் வேறு புண்ணைக் கிளறினார்.

மறுநாள் மகள் பதில் எழுதித் தந்தாள். முதல்முறையாக அதையும் ஆவியில் காட்டினேன். அவள் கையெழுத்துக்கு அடியில், அவள் எழுதியது போலவே உருட்டி உருட்டி எழுதினேன்: "கொதிநீர் ஊற்றினால் மா வெந்துவிடும். கை பொறுக்கும் சூடு போதும். உப்புப் போட வேண்டும். உருண்டைகளை எண்ணெயில் மூழ்கவைத்து மூன்று மணி நேரம் விட வேண்டும். அந்த ஊர்க் காற்றில் காயாமல் இருக்க மேலே ஈரச்சாக்குப் போட வேண்டும். இது தெரியாதவன் மாவைத் தொடக்கூடாது."

கடைசி வரி என்னையறியாமல் விழுந்துவிட்டது.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. உறைக்குள் இரண்டு தாள். மேல் தாளில்: "மாமா, வணக்கம். நீங்கள் சொன்னபடி செய்தேன். முகாமே சாப்பிட்டது. அடுத்த தாள் அவளுக்கு. தயவுசெய்து அதைப் படிக்க வேண்டாம்."

படிக்கவில்லை. அன்று மாலை உறையை ஒட்டாமலே மகளிடம் நீட்டினேன்.

"எப்பிடிக் கண்டுபிடிச்சான்?"

"எல்லாக் கடிதத்தயும் மாப் பசையில ஒட்டித் தந்தீங்க. ஒண்ணுல கறிவேப்பில இருந்திச்சு. ரொட்டியப் பத்தி எழுதுங்கன்னு நான்தான் அவருக்குச் சொன்னேன். வேற எதுக்கும் நீங்க வாயத் தெறக்க மாட்டீங்களே."

"அப்ப எல்லாம் பொய்யா?"

"பாண் லொறி எரிஞ்சது உண்மப்பா."

இதற்குப் பிறகு திருட்டு வேலை எதற்கு? என் பெயரிலேயே எழுதினேன். "உயிரோடு வந்து சேர். என் கல்லில் ஒரு ரொட்டி வீசு. கிழியாமல் வந்தால் பேசலாம்."

வந்தான். ஒரு சனிக்கிழமை மத்தியானம், கடை நிறைய ஆட்கள். கறுத்து, மெலிந்து, காது மடல் தோல் உரிந்திருந்தது. மகள் கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றாள். அவன் கையைக் கழுவி, உருண்டையை எடுத்துத் தட்டி, வீசினான். நன்றாகத்தான் வீசினான். மூன்றாவது வீச்சில் நடுவில் கிழிந்தது. மகளின் முகம் முழுதாகத் தெரிகிற அளவு ஓட்டை.

அவன் கிழிந்த மாவைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தான். இந்தக் கடையில் ஒரு குறை உண்டு என்று என் வாயால் நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

"இன்னைக்கு மா சரியில்ல," என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. "சாப்பிட வாங்க மாப்ள."

தேத்தண்ணிக்காரர் வாயைத் திறக்கப் பார்த்தார். ஒரு முறை முறைத்தேன், மூடிக்கொண்டார். காலையிலிருந்து அதே மாவில் அறுபது ரொட்டி வீசியவன் நான்தான்.